தொட்டிச் செடியின் வேர் மூச்சுத் திணறுகிறதா? அறிகுறி பார்த்துத் தொட்டியைச் சரிசெய்யும் வழி

செடி சுணங்கினால் முதலில் உரத்தைச் சந்தேகிப்போம், அப்புறம் பூச்சியை, அப்புறம் வெயிலை. தொட்டிமேல் சந்தேகம் வருவது கடைசியில்தான், அதுவும் பாதிச் செடி போன பிறகு. இன்னொரு பக்கம், மண்தொட்டிக்கோ துணித் தொட்டிக்கோ மாற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பி மாற்றிவிட்டு, அங்கேயும் செடி காய்வதைப் பார்த்துக் குழம்புகிறவர்களும் நிறைய. தொட்டியின் சுவர் என்ன வேலை செய்கிறது, என்ன செய்யாது என்பது பிடிபட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி போய்விடும். அதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு அறிகுறிகளுக்குப் போகிறேன்.

வேர் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும். இலை பகலெல்லாம் ஆக்சிஜனை வெளியே விட்டாலும், நாம் தொட்டியில் வளர்க்கும் பெரும்பாலான செடிகளில் அது கீழே வேருக்குப் போதிய அளவு போய்ச் சேராது. வேர் தன்னைச் சுற்றி மண் துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. அந்த இடுக்குகள் தண்ணீரால் நிரம்பிவிட்டால் சிக்கல், ஏனென்றால் ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு பார்த்தால் தண்ணீரில் பரவுவது சுமார் 10,000 மடங்கு மெதுவு. அதாவது, தண்ணீர் வெளியேறினால்தான் காற்று உள்ளே வரும்.

சுட்ட மண்தொட்டி, துணித் தொட்டி, தென்னைநார்த் தொட்டி இவையெல்லாம் நல்லது என்று சொல்வது இதனால்தான். ஈரம் சுவர் வழியாக வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது, அந்த இடத்தைப் பிடிக்க மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று நுழைகிறது. ஆனால் காற்று வருவதற்கான முதன்மையான பாதை மண்ணின் மேற்பரப்பும் கலவைக்குள் இருக்கும் இடுக்குகளும்தான். சுவர் அதற்கு உதவிக்கு வருகிறது, அவ்வளவே. பிசுபிசுக்கும் களிமண்ணை அப்படியே அள்ளி நிரப்பிய மண்தொட்டியில் வேர் மூச்சுத் திணறத்தான் செய்யும், நல்ல பொலபொலப்பான கலவை நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டியில் சுகமாக வளரவும் செய்யும். அதனால் சந்தேகப்படும் வரிசை எப்போதும் கலவை, ஓட்டை, அப்புறம்தான் சுவர்.

எதையும் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்த உடனே ஒருமுறை, ஓரிரு நாள் கழித்து ஒருமுறை தூக்கினால் கனத்தின் வித்தியாசம் கைக்குப் பழகிவிடும், அப்புறம் எந்தக் கருவியும் தேவையில்லை. தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால் ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி கொஞ்ச நேரம் விட்டு உருவுங்கள். மேலே இரண்டு அங்குலம் காய்ந்திருக்கும், அடியில் குச்சி நனைந்து கறுத்து மண் ஒட்டிக்கொண்டு வரும். விரலை மட்டும் வைத்துப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று ஊற்றுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அதுவும் போதாவிட்டால் செடியைக் கழற்றிப் பாருங்கள். இதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு கையை மண்மேல் விரித்து, தண்டை இரு விரல்களுக்கு நடுவில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தட்டினால் வேர்க்கட்டு அப்படியே கையில் வந்துவிடும். சுட்ட மண்தொட்டியில் வேர்நுனிகள் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் இழுக்காமல், ஓரத்தைச் சுற்றி மெல்லிய கத்தியை விட்டபிறகு கவிழ்க்க வேண்டும். இரண்டு நிமிடம் வெளியே வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினால் செடிக்குத் தெரியக்கூடச் செய்யாது.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனால் செடி வாடித் தொங்குகிறது

இதுதான் அதிகமாகச் செடிகளைக் கொல்லும் அறிகுறி, ஏனென்றால் பார்ப்பதற்குத் தண்ணீர் கேட்பது மாதிரியே இருக்கும். தண்ணீர் இருந்தும் உறிஞ்சச் சக்தியில்லாமல் வேர் செயலிழந்து கிடக்கிறது. நாம் இன்னொரு குவளை ஊற்றுவோம், மிச்சம் இருந்த காற்றும் போய்விடும்.

கழற்றிப் பாருங்கள். ஆரோக்கியமான வேர் பெரும்பாலும் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, விறைப்பாக இருக்கும் (சில செடிகளுக்கு இயல்பிலேயே வேர் பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறம், அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்). அழுகிய வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் வழுவழுவென்று உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மட்டும் செடியில் தொங்கும். கூடவே சாக்கடை நாற்றம். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால் சந்தேகமே வேண்டாம். பித்தியம், பைட்டோப்தோரா போன்ற வேரழுகல் நுண்ணுயிரிகள் இப்படிக் காற்றுக் குறைந்த ஈரத்தில் எளிதாகப் பரவும், ஆனால் அவற்றுக்கு மருந்து தேடுவதற்கு முன் அந்த ஈரம் ஏன் நின்றது என்று தேட வேண்டும்.

அடியில் தட்டு வைத்து அதில் தண்ணீர் நிற்கிறதா? முதலில் அதைக் கொட்டுங்கள். ஓட்டை மண்ணாலோ வேராலோ அடைந்திருக்கிறதா, தொட்டி சமதளத்தில் ஒட்டி உட்கார்ந்து ஓட்டையை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஓட்டுத் துண்டு வைத்துத் தொட்டியைத் தரையிலிருந்து ஒரு விரலளவு தூக்கினாலே சில செடிகள் தேறிவிடுகின்றன. அழகுக்காக வெளியே இன்னொரு தொட்டி மாட்டியிருந்தால் அதற்குள் எட்டிப் பாருங்கள், பல வீடுகளில் அங்கே ஒரு குட்டையே இருக்கும்.

ஓட்டை சரி, தட்டும் காலி, ஆனாலும் அடி ஈரமாகவே இருக்கிறது என்றால் கலவைக்கு வாருங்கள். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்க வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நெட்டாக நிமிர்த்துங்கள், மறுபடி தண்ணீர் கொட்டும். தொட்டிக்குள்ளும் இதே கதைதான். வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு அடுக்கு முழு ஈரமாக நிற்கும், அதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவுதானே தவிர தொட்டியின் உயரமல்ல. துகள் பொடியாக இருந்தால் அந்த அடுக்கு உயரம், பருமனாக இருந்தால் குறைவு. எனவே ஒரே கலவையை ஆழமில்லாத அகலத் தொட்டியில் போட்டால் பாதி மண் சேறாகவே இருக்கும், ஆழமான தொட்டியில் போட்டால் அடியில் கொஞ்சம் மட்டும் சேறாகி மேல்பகுதி முழுக்க வேருக்கு நல்ல இடமாகிவிடும்.

அடியில் ஜல்லி, உடைந்த ஓடு பரப்புவது வடிகாலுக்கு நல்லது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அது உதவாது. பொடிக் கலவையிலிருந்து பருமனான ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, ஜல்லிக்கு மேலேயே நின்றுவிடும். சேறு அடுக்கு அப்படியே இருக்க, வேருக்குக் கிடைத்த இடம் மட்டும் ஜல்லியின் உயரத்துக்குக் குறைந்துபோகும். ஓட்டை வழியே மண் கொட்டாமல் இருக்க ஒரு துண்டு வலையோ ஒற்றை ஓட்டுச் சில்லோ போதும்.

சரி, என்ன செய்வது? அழுகிய வேரைக் கூர்மையான கத்தரியால் நல்ல பகுதிவரை வெட்டி எடுங்கள். வேர் குறைந்த அளவுக்கு மேலே இலையும் கொஞ்சம் கழிக்க வேண்டும். பழைய கலவையை உதறிவிட்டு, பெர்லைட் (எரிமலைப் பாறையைப் பொரித்துச் செய்த, எடை குறைந்த வெள்ளைத் துகள்), கழுவிய பருமணல், தேங்காய் மட்டைத் துண்டு, உமி இப்படிப் பருமனான ஏதாவது மூன்றில் ஒரு பங்காவது கலந்த புதிய கலவையில் நடுங்கள். மணல் என்றால் பருமணல்தான். நைஸ் மணலைச் சேர்த்தால் இருக்கும் இடுக்கையும் அது அடைத்துவிடும், சேர்க்காமல் இருப்பதே மேல்.

தொட்டி அளவு இங்கே ரொம்ப முக்கியம். மிச்சமிருக்கும் வேர்க்கட்டைவிட ஓரிரு அங்குலம் மட்டும் அகலமான தொட்டி எடுங்கள், அது பழைய தொட்டியைவிடச் சின்னதாகப் போனாலும் பரவாயில்லை. கொஞ்சூண்டு வேரைப் பெரிய தொட்டியில் வைத்தால் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை உறிஞ்ச ஆளில்லாமல் அது ஈரமாகவே கிடக்கும். சுவர் என்று வந்தால், இந்த இடத்தில் சுட்ட மண்தொட்டிதான் என் முதல் தேர்வு. தண்ணீர் ஊற்றும் கை சும்மா இருக்க முடியாதவர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு.

காலையில் ஊற்றினால் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது

இது எதிர்ப்பக்கம். மண்தொட்டிக்கும் துணித் தொட்டிக்கும் ஆசையாக மாறியவர்கள் முதல் கோடையில் சந்திப்பது இதைத்தான். துணித் தொட்டியில் நாலா பக்கமும் ஆவியாகும், காற்று வீசும் மொட்டைமாடியில் அது பிளாஸ்டிக்கைவிட ரொம்பச் சீக்கிரம் காயும்.

முதலில் உண்மையிலேயே முழுதாக நனைகிறதா என்று பாருங்கள். தென்னைநார்த் தூளோ பீட்டோ (சதுப்பு நிலப் பாசி மக்கியது) அதிகமுள்ள கலவை ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும், ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியே இறங்கி அடியில் வந்துவிடும். கீழே தண்ணீர் வந்ததும் நமக்கு நிம்மதி, ஆனால் வேர்க்கட்டின் நடுவில் சொட்டு ஈரம் இருக்காது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் பாதி உயரம் மூழ்க அரைமணி நேரம் வைத்தெடுங்கள். அதற்குப் பிறகு தூக்கிப் பார்த்தால் இதுவரை செடிக்குக் கிடைக்காத தண்ணீரின் கனம் கையில் தெரியும்.

நன்றாக நனைந்தும் காய்கிறது என்றால் வேர் தொட்டியை நிறைத்துவிட்டதா என்று கழற்றிப் பார்த்து, ஆம் என்றால் ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அப்படியில்லாவிட்டால் மேலே காய்ந்த இலையோ நார்த் துண்டோ இரண்டு அங்குலம் பரப்புங்கள், தொட்டிகளை நெருக்கி வைத்து ஒன்றுக்கொன்று நிழல் தரவிடுங்கள். புதிய மண்தொட்டியை நடுவதற்கு முன் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் முதல் வாரம் கலவையின் ஈரத்தைத் தொட்டியே குடித்துவிடும்.

சில செடிகளுக்கு இந்த வகைத் தொட்டியே தோதுப்படாது. பெரணி, கலாத்தியா, பீஸ் லில்லி, புதினா மாதிரி எப்போதும் லேசான ஈரம் கேட்பவற்றை மண்தொட்டியில் வைத்து நாள் முழுக்கப் பூவாளியோடு அலைவதற்கு, நல்ல கலவை போட்ட பிளாஸ்டிக் தொட்டியே மேல். அடிக்கடி வெளியூர் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கற்றாழை, கள்ளி வகை, சதைப்பற்றுச் செடிகள், சான்செவேரியா, பெரும்பாலான நறுமணப் புதர்கள் இவற்றுக்கு மண்தொட்டி. தக்காளி, மிளகாய், கத்தரி, மாடியில் வைக்கும் பழமரங்கள் இவற்றுக்குத் துணித் தொட்டி, ஆனால் கோடையில் தினமும், சில நாள் இருவேளையும் ஊற்ற ஆள் இருந்தால்.

மண்தொட்டிதான் வாங்கினேன், ஆனாலும் ஈரம் போகவே இல்லை

சுவரைத் தொட்டுப் பாருங்கள். பளபளக்கிறதா? வெளியே பெயின்ட் அடித்திருக்கிறதா? எனாமல் பெயின்டோ வார்னிஷோ பூசிய மண்தொட்டி, சுவர் விஷயத்தில் பிளாஸ்டிக் தொட்டிதான், கனம் மட்டும் கூடுதல். மெருகேற்றிய பீங்கான் தொட்டியும் அப்படியே. சில தொட்டிகளில் வெளியே மண்நிறமாக விட்டுவிட்டு உள்பக்கம் மட்டும் பூசியிருப்பார்கள், அதனால் உள்ளேயும் பார்க்க வேண்டும். காய்ந்த சுவர்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகளில் உறிஞ்சிக் கறுத்தால் அது ஈரத்தை விடும் சுவர், முத்து முத்தாக நின்று வழிந்தால் இல்லை. வாங்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

பைகளிலும் இதே ஏமாற்று உண்டு. குரோ பேக் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறது. பாலித்தீனால் செய்தது காற்றை விடாது, அடியில் இருக்கும் சில ஓட்டைகள்தான் அதற்கு வடிகால். கம்பளி போல அமுங்கும் நெய்யாத துணியால் செய்ததுதான் துணித் தொட்டி. துணியை வாயோடு அழுத்தி ஊதிப் பாருங்கள், மறுபக்கம் கையில் காற்றுப் பட வேண்டும்.

நல்ல மண்தொட்டி வெளியிலிருந்தே ஈரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஊற்றிய மறுநாள் சுவரைக் கவனியுங்கள், கீழே அடர்நிறமாகவும் மேலே வெளிறியும் இருக்கும், நடுவில் கோடு போட்டது மாதிரி ஒரு எல்லை தெரியும். நாளாக ஆக அந்தக் கோடு கீழே இறங்கும். அது அடியை நெருங்கும்போது ஊற்றினால் பெரும்பாலான செடிகளுக்குச் சரியாக இருக்கும். கோடு நாள்கணக்கில் அசையவே இல்லை என்றால் செடி தண்ணீர் குடிக்கவில்லை என்று பொருள், வேரைப் பார்க்க வேண்டும்.

வளர்ச்சி நின்றுவிட்டது, அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறது

கழற்றினால் மண்ணே கண்ணுக்குத் தெரியாது, தொட்டியின் வடிவத்தில் வேர் மட்டும் சுற்றிச் சுற்றிக் கிடக்கும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் வேர்நுனி முட்டியதும் வளைந்து சுவரோடு ஓடத் தொடங்குகிறது, அப்படியே வட்டமடிக்கிறது. நடுவில் இருக்கும் மண் பயன்படாமலே கிடக்கும். மரக்கன்று என்றால் இது இன்னும் மோசம், ஏனென்றால் இந்த வளையங்கள் தடித்து, நிலத்தில் நட்டு ஆண்டுகள் கழித்தும் அடித்தண்டை நெரிக்கும்.

துணித் தொட்டியும் பக்கமெல்லாம் ஓட்டையுள்ள தொட்டியும் தனித்து நிற்பது இந்த இடத்தில்தான். வேர்நுனி சுவரை எட்டியதும் வெளிக்காற்றுப் பட்டு அங்கேயே காய்ந்து நிற்கும். நுனி நின்றதும் அதற்குப் பின்னாலிருந்து பக்கவேர்கள் கிளைக்கும், அவையும் சுவரை எட்டி நிற்கும், மறுபடி கிளைக்கும். வட்டமடிக்கும் சில தடித்த வேர்களுக்குப் பதில் தொட்டி முழுக்க மெல்லிய வேர்கள் பரவும், உறிஞ்சும் வேலையைச் செய்வதும் அவைதான். சுட்ட மண்தொட்டி இந்த வேலையை அரைகுறையாகத்தான் செய்யும். அதன் சுவர் ஈரமாக இருப்பதால் வேர் அதன்மேல் பாய் விரித்தது போலப் படர்ந்துவிடும். எனவே வேர் சுற்றுவதுதான் உங்கள் முதன்மையான தொல்லை என்றால் மண்தொட்டிக்குப் போகாதீர்கள், துணிக்குப் போங்கள்.

ஏற்கெனவே சுற்றிவிட்ட வேரைத் துணித் தொட்டியில் வைத்தால் தானாகச் சரியாகிவிடாது. வேர்க்கட்டின் பக்கங்களில் மேலிருந்து கீழாக மூன்று நான்கு இடங்களில் அரை அங்குல ஆழத்துக்குக் கத்தியால் கீறுங்கள், அடியில் பாயாகக் கிடப்பதை வெட்டி எறியுங்கள், மிச்சத்தை விரலால் பிரித்து வெளிப்பக்கம் விரித்து நடுங்கள். பார்ப்பதற்குக் கொடூரம்தான். ஆனால் வேர் சுற்றிய வேர்க்கட்டை அப்படியே புதிய மண்ணில் புதைத்தால் பல நேரம் வேர் வெளியே வராமல் பழைய வடிவத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சுவரில் வெள்ளைப் படிவு, இலைநுனி கருகல்

தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உரத்தின் உப்பும் ஈரத்தோடு சுவருக்கு வந்து, தண்ணீர் மட்டும் ஆவியாகி, உப்பு தங்கிவிடுகிறது. சுவரில் மட்டும் இருந்தால் அது தொட்டி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம், கவலை வேண்டாம். அதே வெள்ளை மண்ணின் மேலும் படிந்து, இலைநுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகத் தொடங்கினால் வேர் இருக்கும் இடத்திலும் உப்பு ஏறிவிட்டது. மண்மேல் படிந்த வெள்ளை அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். தட்டில் சேர்வதைக் கட்டாயம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதே உப்பு மேலே ஏறும். உரத்தைச் சில வாரம் நிறுத்திவிட்டு அப்புறம் பாதி அளவில் தொடங்குங்கள்.

காலித் தொட்டியை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு போய்விடும். முன்பு அதில் வேர் அழுகிய செடி இருந்திருந்தால், நன்றாகக் கழுவிய பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

வெயில் படும் பக்கம் மட்டும் வேர் செத்திருக்கிறது

கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் மேற்கு வெயில் நேராக விழுந்தால் சுவரை ஒட்டிய மண் 50 டிகிரி செல்சியஸைத் தொடும். பல செடிகளின் வேர் 40 டிகிரியை நெருங்கும்போதே வளர்வதை நிறுத்திவிடும். கழற்றினால் ஒரு பக்கம் வெள்ளை வேர், மறுபக்கம் பழுப்பாகக் காய்ந்த வேர் என்று தெளிவாகப் பிரிந்திருக்கும், நாற்றம் இருக்காது. மண்தொட்டியும் துணியும் ஆவியாதலால் குளிர்ந்திருக்கும் என்பதால் இங்கே நல்ல மாற்று, ஈரம் இருக்கும்வரை. மாற்ற முடியாவிட்டால் வெளிறிய நிறத் துணியைச் சுவரில் சுற்றுங்கள், அல்லது அந்தத் தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் மணல் போடுங்கள்.

பாசி, பொடி ஈ

மண்தொட்டியின் வெளியே பச்சைப் பாசி படர்வது செடிக்குக் கெடுதல் இல்லை, சுவர் நிரந்தரமாக ஈரமாக இருக்கிறது என்ற தகவல் மட்டும். பிடிக்காவிட்டால் தேய்த்துவிடுங்கள். மண்ணின்மேல் பொடிக் கறுப்பு ஈக்கள் எழும்பினால் மேற்பரப்பு காயவே இல்லை என்று அர்த்தம், அவற்றின் புழுக்கள் மேல்மண்ணில்தான் இருக்கும். மேல் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே ஊற்றத் தொடங்கினால் அடங்கிவிடும், அதற்குள் ஒரு மஞ்சள் ஒட்டு அட்டை வைத்து வளர்ந்த ஈக்களைப் பிடிக்கலாம்.

ஆர்க்கிட் மட்டும் தனிக்கதை

மரத்தில் தொற்றி வளரும் வகைகளின் வேருக்கு மண்ணே ஆகாது. பக்கமெல்லாம் ஓட்டையுள்ள தொட்டியில் மரப்பட்டைத் துண்டு, கரித்துண்டு மட்டும் போட்டு வையுங்கள். வேர் பச்சையாக இருந்தால் ஈரம் இருக்கிறது, சாம்பல் கலந்த வெள்ளையாக மாறினால் தண்ணீர் கேட்கிறது. உள்ளே இருப்பது தெரிவதற்காகவே பலர் ஒளிபுகும் பிளாஸ்டிக் தொட்டியை விரும்புகிறார்கள். பட்டை ஓரிரு ஆண்டில் மக்கித் தூளாகிவிடும், அப்போது எவ்வளவு ஓட்டையுள்ள தொட்டியிலும் வேர் அழுகும்.

துணித் தொட்டிக்கே வரும் தொல்லைகள்

விளிம்புவரை நிரப்பாவிட்டால் மேல்பகுதி மடிந்து சரியும். தரைமண்மேல் நேராக வைத்தால் வேர் துணியைத் துளைத்துக் கீழே இறங்கிவிடும், அப்புறம் நகர்த்தும்போது அறுபடும். செங்கல்லோ கம்பித்தட்டோ அடியில் வையுங்கள். ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்கினால் உள்ளே வேர்க்கட்டு நெளிந்து மெல்லிய வேர்கள் அறுந்துவிடும், பெரிய தொட்டியை இரண்டு பேராகத் தூக்குங்கள், இல்லாவிட்டால் கடைசியாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள். வெயிலில் துணி சில ஆண்டில் நைந்துபோகும், விரலால் கிள்ளினால் பொடிந்து வந்தால் மாற்றும் நேரம்.

புதிய சிமெண்ட் தொட்டி பற்றி ஒரு வரி: அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கி மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதனாலும் வரலாம். சில வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டிய பிறகே நடுங்கள்.

மாற்றி நட்ட பிறகும் தொங்குகிறது

முதல் சில நாள் தொங்குவது இயல்பு, வெட்டிய வேர் மறுபடி கிளைக்கும்வரை அப்படித்தான். நேரடி வெயிலில்லாத வெளிச்சத்தில் வையுங்கள், புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம், தொட்டியைத் தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் வேண்டாம். பத்து நாளுக்கு மேலும் தேறாமல் கீழிருந்து தண்டு கறுத்துக்கொண்டே வந்தால் வேர் போய்விட்டது. தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், மேலே எங்காவது பச்சை இருந்தால், வெட்டிப் பதித்தால் வேர்விடும் வகை என்றால், அந்தத் துண்டை இரண்டு மூன்று கணுவோடு வெட்டிச் சின்ன மண்தொட்டியில் பெர்லைட்டும் நார்த்தூளும் சமமாகக் கலந்து ஊன்றி, மேலே ஒரு ஒளிபுகும் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். பழைய கலவையை அடுத்த தொட்டியில் கொட்டாதீர்கள்.